நீண்ட ஆங்கிலச் சொல்லை எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது?

மட்டக்களப்பு மாவட்டத்தில் வாழைச்சேனையிலிருந்து வாகரைக்குப் போகும் கடலோர வீதியில் காயாங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று கேணிப் பெயர் கொண்ட ஊர்கள் வரும். ஊரார் இப்பெயர்களைச் சொல்லும்போது எந்த எழுத்துக்கும் தனிச் சலுகை கிடையாது. முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை எல்லாமே தெளிவாகக் கேட்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் வீதிப் பலகையைப் பார்த்து வாசித்தாரென்றால், மூன்று பெயரிலும் 'கே' வரும் இடத்தில் அவர் குரல் எழும். முன்னும் பின்னும் உள்ளவை மங்கிவிடும். ப–னி–சங்–ˈகே–ணி. அவர் ஊருக்குப் புதியவர், பெயரின் பொருளும் அறியாதவர். ஆனாலும் எங்கே அழுத்த வேண்டும் என்பதில் அவருக்குத் தடுமாற்றம் இல்லை. அந்த அறிவு எதனால் ஆனது, அதை நம் பிள்ளைகளுக்கு நீண்ட ஆங்கிலச் சொற்களில் உண்டாக்க முடியுமா என்பதே இங்கே கேள்வி. (எழுத்துக்கு முன்னால் மேலே நிற்கும் சிறு கோடு, அடுத்து வரும் அசை அழுத்தம் பெறுகிறது என்பதைக் காட்டும். பெரும்பாலான அகராதிகள் இப்படித்தான் இடுகின்றன. சில அமெரிக்க அகராதிகள் அசைக்குப் பின்னால் இடும். அதைக் கவனிக்காத பிள்ளை தவறான அசையை அழுத்தப் பழகிவிடும்.)

வாகரைப் பிரதேசத்துக்கு நீண்ட ஆங்கிலச் சொற்கள் பாடப் புத்தகம் வழியாக மட்டும் வரவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும், 2006–07 போரில் இடம்பெயர்ந்தவர்கள் திரும்பிவந்த பிறகும், உதவி நிறுவனங்களின் பலகைகளிலும் படிவங்களிலும் அவை வந்து இறங்கின. புனர்வாழ்வைக் குறிக்கும் ரிஹபிலிடேஷன், பயனாளியைக் குறிக்கும் பெனிஃபிஷரி, அபிவிருத்தியைக் குறிக்கும் டிவெலப்மன்ட், வாழ்வாதாரத்தைக் குறிக்கும் லைவ்லிஹுட். கூட்டங்களில் கைகட்டி நின்றவர்களுக்கும் இந்தச் சொற்கள் காதில் ஏறிவிட்டன. இன்று பத்தாம் தரப் பிள்ளை ஒன்றிடம் முதற்சொல்லை எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் என்ன நடக்கிறது என்பதைக் கூர்ந்து கேட்க வேண்டும். 'ரே… ஹா… பி… லி… டே… டி… யோன்' என்று எழுத்தெழுத்தாகப் போகும். முடிவில் உள்ள 'ஷன்' தெரிந்திருந்தால் 'ரெஹாபிலிட்டேசன்' என்று ஒரே மூச்சில் வரும். ஆறு அசையும் ஒரே பலத்தோடு வரும். சொல்லைப் பிரிப்பதில் பிள்ளை தோற்கவில்லை. பிரித்த துண்டுகளை ஏற்றத்தாழ்வோடு கோப்பதில்தான் தடக்கம். ஆங்கிலேயர் சொல்லும்போது 'டே' உச்சத்தில் நிற்கும். முதலசையும் மூன்றாமசையும் அதற்கடுத்த இடம் பெறும். இடையில் உள்ளவை விழுங்கப்படும். ˌரீ–ஹ–ˌபி–லி–ˈடே–ஷன். (கீழே இட்ட கோடு இரண்டாம் தர அழுத்தம்.) ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒன்றுவிட்டு ஒன்று தலை தூக்குவதைக் காணலாம். நீண்ட ஆங்கிலச் சொற்களில் இந்த ஏறியிறங்கும் நடை மிகச் சாதாரணம்.

பிரிப்பது என்று வகுப்பில் நாம் சொல்லும் செயலுக்குள் மூன்று வேறு வேலைகள் கலந்து கிடக்கின்றன. முதலாவது அச்சுக்காரரின் வேலை. வரியின் கடைசியில் சொல் முழுதாக அடங்காவிட்டால் எங்கே கோடிட்டு முறிப்பது? இதில் ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்குமே உடன்பாடு இல்லை. அறிவைக் குறிக்கும் 'நொலெஜ்' என்ற சொல்லை ஆங்கிலேய அச்சகம் வேர்ச்சொல் சிதையாமல் 'நோ' என்ற துண்டுக்குப் பின் முறிக்கும். அமெரிக்க அச்சகம் ஒலியைப் பின்பற்றி ஓர் எழுத்துத் தள்ளி முறிக்கும். 1983இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் லியாங் கணினிக்கு இந்த வேலையைக் கற்பித்து ஆய்வேடு எழுதினார். நாலாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துக் கோலங்களைச் சேர்த்தும் சரியான முறிவிடங்களில் பத்துக்கு ஒன்பதைத்தான் அது கண்டுபிடித்தது. தமிழில் இந்தத் தொல்லை இல்லை. புள்ளி எழுத்து வரித் தொடக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் எங்கும் முறிக்கலாம். ஆகவே அகராதித் தலைச்சொல்லில் உள்ள புள்ளிகள் பல வேளைகளில் வரி முறிப்பதற்கான புள்ளிகளே, உச்சரிப்புக்கானவை அல்ல என்பது நம் பிள்ளைக்குத் தெரிய நியாயமில்லை. யாராவது சொல்லித்தர வேண்டும்.

இரண்டாவது, அறியாத சொல்லைப் படித்தெடுக்கப் பிரிப்பது. நோவா வெப்ஸ்டர் 1783இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டுப் புத்தகம் அமெரிக்கப் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் பயிற்றியது. இப்போதுள்ள வாசிப்புப் பயிற்சி முறைகள் மெய்யில் முடியும் அசை, உயிரில் முடியும் அசை, ஒலிக்காத ஈற்றெழுத்து கொண்ட அசை என்று வகை பிரித்துக் கற்பிக்கின்றன. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தூரத்தைக் கடக்க இது உதவும். ஆனால் எழுத்தை நம்பினால் ஏமாற்றமும் உண்டு. மரக்கறியைக் குறிக்கும் சொல் எழுத்தில் நாலசை போலத் தெரியும். பேச்சில் மூன்றுதான், ˈவெஜ்–ட–பல். புதன்கிழமையைக் குறிக்கும் சொல் இரண்டே அசை. பலங்கள் என்ற பொருளில் 'ஸ்ட்ரெங்ஸ்' என்று வரும் சொல்லில் ஒன்பது எழுத்து இருந்தும் ஓரசை. அதை நாம் சொன்னால் 'இஸ்–டி–ரெங்–துஸ்' என்று நாலசையாகும். சொல்லின் தொடக்கத்தில் மெய்கள் அடுக்கி வருவதைத் தமிழ் ஏற்பதில்லை. நடுவில் உயிரைச் செருகுகிறது, ஈற்றில் உகரத்தைச் சேர்க்கிறது. இவ்வாறு செருகிய ஒவ்வொரு உயிரும் புதிய அசை ஒன்றை உண்டாக்குகிறது. அசை எண்ணிக்கை மாறினால் அழுத்தம் விழும் இடமும் குழம்பும்.

மூன்றாவது வேலைதான் முக்கியம்: அழுத்தத்தைக் கண்டுபிடிப்பதற்காகப் பிரிப்பது. இங்கே தமிழ்ப் பிள்ளை வெறுங்கையோடு வரவில்லை. அசை என்ற கருத்தைத் தொல்காப்பியச் செய்யுளியலிலிருந்து அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை வரை நம் இலக்கணம் நுணுகி ஆராய்ந்திருக்கிறது. பனிச்சங்கேணியை யாப்பின்படி அலகிட்டால் பனிச் நிரை, சங் நேர், கே நேர், ணி நேர், ஆக நாலசை. ஆங்கில முறையில் எண்ணினால் ஐந்து. இரண்டு குறில் சேர்ந்து ஒரு நிரையாவது ஆங்கிலத்தில் கிடையாது. ஆசிரியர் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது. ஆனால் அலகிடுவதற்கு நாம் பார்க்கும் மூன்று பொருள்கள், அதாவது குறிலா, நெடிலா, ஒற்று அடுத்து வருகிறதா என்பவை, ஆங்கில அழுத்தத்துக்கும் அப்படியே தேவைப்படுகின்றன.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சும், அதன் பின்னால் இலத்தீனும் ஆங்கிலத்துக்குள் பெருந்தொகையாகப் புகுந்தன. பழைய ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் வேரின் முதலசையில் அழுத்தம் பெற, வந்த சொற்கள் ஈற்றிலிருந்து எண்ணும் இலத்தீன் வழக்கைக் கொண்டுவந்தன. நோம் சோம்ஸ்கியும் மொரிஸ் ஹாலேயும் 1968இல் வெளியிட்ட ஆங்கில ஒலியமைப்பு நூல் இந்த வழக்கை விதியாக்கிக் காட்ட முயன்றது. நம் பேச்சில் சொன்னால் விதி எளிது. பெயர்ச்சொல்லின் கடைசி அசையை ஒதுக்கிவிடு. அதற்கு முந்தியது நெடிலாகவோ ஒற்றடைந்ததாகவோ இருந்தால் அங்கே அழுத்து. வெறும் குறிலாக இருந்தால் இன்னும் ஓரசை பின்னால் போ. கொழும்பு ஆங்கிலத்தில் க–ˈலம்–போ, ஈற்றயல் ஒற்றடைந்தது. மட்டக்களப்பு பட்–டி–க–ˈலோ–அ, ஈற்றயல் நெடில். அ–ˈஜென்–ட, அ–ˈரோ–ம என்பவையும் அவ்வாறே. கனடாவில் ஈற்றயல் குறில், ஆகவே அழுத்தம் முதலுக்குப் போய் ˈகெ–ன–ட. அமெரிக்கா அ–ˈமெ–ரி–க. சினிமா ˈசி–னி–ம. பனிச்சங்கேணியில் நம் விருந்தாளி 'கே'யில் ஏறியதற்கும் இதுதான் காரணம்.

இந்தச் சொற்களைத் தமிழ் எப்படி எடுத்துக்கொண்டது என்பதையும் பார்க்க வேண்டும். கனடா, சினிமா, அமெரிக்கா: ஆங்கிலத்தில் எல்லாவற்றிலும் மிக மெலிந்த ஈற்றசைக்கு நாம் நெடில் கொடுத்தோம். பொலிசை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் முதலசை மெலிந்து இரண்டாவது நீளும், ப–ˈலீஸ். தமிழ்நாட்டில் 'போலீஸ்' என்று இரண்டையும் நீட்டினார்கள். இலங்கையில் 'பொலிஸ்' என்று இரண்டையும் குறுக்கினோம். இரு கரையும் செய்தது ஒன்றே: இரண்டு அசையையும் சமமாக்கியது. கடன்வாங்கிய சொல்லைத் தமிழாக்குவதற்கு இது முற்றிலும் நியாயமான வழி. ஆங்கிலம் பேசும்போது அதே சமத்துவத்தைக் கொண்டுபோகும் இடத்தில்தான் கேட்பவர் தடுமாறுகிறார்.

நீண்ட சொற்களுக்கு இன்னொரு நல்ல வழி உண்டு. என் மதிப்பில் வகுப்பறைக்கு அதுவே முதல் வழி. ஈற்றைப் பார்ப்பது. 'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்திய அசைக்கு அழுத்தம்: அப்–ளி–ˈகே–ஷன், எ–டியு–ˈகே–ஷன். 'இக்' என்று முடிந்தாலும் அப்படியே. 'இட்டி' ஈறு வந்தால் அதற்கு முன் நிற்கும் அசை: ஐ–ˈடென்–டி–டி, ரெஸ்–பொன்–ச–ˈபி–லி–டி. 'ஈயர்', 'ஈ' போன்ற ஈறுகள் அழுத்தத்தைத் தாமே பறித்துக்கொள்ளும், என்–ஜி–ˈனியர். நாம் 'இஞ்சினியர்' என்று முதலில் ஊன்றுவதற்கு நேர் எதிர். திருகோணமலையின் ஆங்கிலப் பெயரும் இந்தச் சாயலில் கடைசியில்தான் ஏறுகிறது. 'மன்ட்', 'நஸ்', 'ஃபுல்' என்ற ஈறுகளோ அழுத்தத்தைத் தொடுவதே இல்லை. டி–ˈவெ–லப் என்ற வினைக்கு எங்கே அழுத்தமோ டி–ˈவெ–லப்–மன்ட் என்ற பெயருக்கும் அங்கேதான். கூட்டங்களில் முதலசையிலும் கடைசி அசையிலும் ஊன்றிச் சொல்லப்படுகிற இந்தச் சொல்லுக்கு உரிய இடம் நடுவே உள்ள 'வெ'.

விதிகளுக்கு விலக்கு உண்டு. தொலைக்காட்சி ˈடெ–லி–வி–ஷன், 'ஷன்' விதிக்கு அது கட்டுப்படாது. அரசியலைக் குறிக்கும் ˈபொ–லி–டிக்ஸ் 'இக்' விதியை மீறும். விலக்கு இருப்பதால் விதியே வேண்டாம் என்று சில ஆசிரியர்கள் ஒவ்வொரு சொல்லாக மனனம் செய்யவைக்கிறார்கள். அது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். ஓரிரு நாட்களில் படிக்கக்கூடிய நாலைந்து ஈறுகள் ஆயிரக்கணக்கான சொற்களுக்கு வழிகாட்டுகின்றன.

அரசியல் குடும்பத்தையே எடுத்துக் கொஞ்சம் நின்று பார்ப்போம். அரசியல் ˈபொ–லி–டிக்ஸ். அரசியல் சார்ந்தது ப–ˈலி–டி–கல். அரசியல்வாதி பொ–லி–ˈடி–ஷன். வேர் ஒன்று, ஈறு மாற மாற அழுத்தம் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நகர்கிறது. அழுத்தம் விலகியதும் முதலசையின் 'பொ', இரண்டாம் சொல்லில் 'ப' போல மங்கிவிட்டது. அதாவது அழுத்தம் என்பது ஓரிடத்தில் பலம் கூட்டுவது மட்டுமன்று, மற்ற இடங்களில் உயிரின் நிறத்தையே கரைத்துவிடுவது. இப்படிக் கரைந்து நிற்கும் மங்கல் அகரம்தான் ஆங்கிலத்தில் மிக அதிகமாக ஒலிக்கும் உயிர். அதற்குத் தனி எழுத்துக் கிடையாது. எந்த உயிரெழுத்தும் அதற்கு வேடம் கட்டும்.

இதில்தான் நம் கற்பித்தல் திசைமாறிப் போகிறது என்று நினைக்கிறேன். 'இந்த அசையைப் பலமாகச் சொல்' என்கிறோம். பிள்ளை அதை உரத்துச் சொல்கிறது. மற்ற அசைகளையும் முன்போலவே முழுதாகச் சொல்கிறது. விளைவு கத்தலாகிறதே தவிர ஆங்கில நடை வருவதில்லை. சொல்ல வேண்டியது மற்றது: 'இந்த ஒன்றை விட்டுவிட்டு மீதியைத் தளர்த்து.' எல்லா எழுத்துக்கும் உரிய மாத்திரை கொடுப்பது தமிழில் நல்ல பழக்கம். அதைத் திருத்தமான வாசிப்பு என்று சின்ன வயதிலிருந்து பாராட்டி வளர்க்கிறோம். செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் ஈழத் தமிழைப் பற்றி 1966இல் எழுதியபோது, பேச்சுத் தமிழ்களில் எழுத்துத் தமிழுக்கு மிக அண்மையானது மட்டக்களப்புத் தமிழ் என்று மதிப்பிட்டார். நமக்குப் பெருமைதான். ஆனால் எழுத்தைக் கைவிடாத நாக்குக்கு ஆங்கிலத்தின் விழுங்கல் கூடுதல் கடினமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆனாலும் தளர்த்தல் தமிழுக்கு அந்நியமானதன்று. நம் இலக்கணத்தில் அதற்குக் குறுக்கம் என்று பெயரே உண்டு. 'பாக்கு', 'காடு' என்பவற்றின் ஈற்று உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகிறது. இதழ் குவியாமலே அதைச் சொல்கிறோம். ஐகாரம் சொல்லின் இடையிலும் கடையிலும் இரண்டு மாத்திரையிலிருந்து ஒன்றாகிறது. 'தலை'யைப் பேச்சில் 'தல' என்கிறோமே, அது அந்தக் குறுக்கத்துக்கும் அப்பால் போன மங்கல். ஆங்கில வகுப்பில் மங்கல் உயிரைக் கற்பிக்கப் போகும் ஆசிரியர் 'தலை', 'மலை' என்று பேச்சிலும் எழுத்திலும் மாறி மாறிச் சொல்லவைத்து, ஈற்றில் என்ன நடக்கிறது என்று பிள்ளைகளையே கேட்கவைக்கலாம். குற்றியலுகரத்தைத் தமிழ்ப் பாடத்தில் படித்த பிள்ளைக்கு 'ஓர் உயிர் தன் அளவில் குறையும்' என்பது புதுச் செய்தியாக இராது. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே ஆசிரியர் அறையில் இருந்தும் இந்த இரண்டு பாடங்களும் ஒன்றையொன்று தொடாமலே போவதுதான் எனக்கு வருத்தம்.

விபுலானந்த அடிகள் பிறந்த கிழக்கிலங்கை மண் இது. இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் தமிழ்ப் பண்டிதராகவும் இருந்த அவர், 'ஆங்கில வாணி' கட்டுரையில் ஆங்கிலக் கவிகளைத் தமிழ் யாப்பில் தந்தார். 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். இரு மொழியின் ஓசையையும் ஒரே செவியால் கேட்கும் மரபு இப்பிரதேசத்துக்குப் புதிதன்று. ஆங்கிலப் பள்ளி மரபும் அப்படியே. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் இறங்கியது 1814இல்.

வாக்கியத்துக்கு வந்தால் இன்னொரு பழைய விவாதம் உண்டு. கென்னத் பைக் 1945இல் மொழிகளை இரண்டாகப் பிரித்தார்: அழுத்தத்துக்கு அழுத்தம் சம இடைவெளி விடும் ஆங்கிலம் போன்றவை, அசைக்கு அசை சம நேரம் கொடுப்பவை. தமிழை இரண்டாம் கூட்டத்தில் சேர்ப்பது வழக்கம். 1980களில் ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்த பீட்டர் ரோச் முதலியோர், ஆங்கிலத்திலும் அந்த இடைவெளிகள் உண்மையில் சமமாக இல்லை என்று காட்டினர். கருவி அளவில் பைக்கின் கூற்று நிற்கவில்லை. வகுப்பில் அதன் பயன் அழியவில்லை. நம் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் மத்தள அடிகளுக்கு இடையே சொற்கட்டு நெருங்கியும் விரிந்தும் வரும். தாளம் போட்டு வளர்ந்த பிள்ளைக்கு 'ˌரீ–ஹ–ˌபி–லி–ˈடே–ஷன்' என்பதில் மூன்று தட்டுப் போட்டு, இடையில் வருபவற்றை அடக்கிச் சொல்லக் காட்டினால் உடனே பிடிபடும். அசைக்கு ஒரு கைதட்டல் என்ற இப்போதைய பயிற்சி எண்ணிக்கையைச் சரியாகக் கற்பிக்கிறது; கூடவே எல்லா அசையும் சமம் என்ற பிழையையும் கற்பித்துவிடுகிறது.

இவ்வளவும் தேவைதானா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் வெளியிட்ட நூலில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தமக்குள் பேசும்போது சொல்லழுத்தம் பெரிய தடையாவதில்லை, அதைக் கட்டாயப் பாடமாக்கத் தேவையில்லை என்றார். இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. வாகரையில் இருந்து போன தமிழ்ப் பெண் பொலன்னறுவைச் சிங்களவரோடு அதில் பேசினால் இருவருமே அசைகளைத் தளர்த்தப் போவதில்லை. இருவருக்கும் நன்றாகவே விளங்கும். 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் உரிய ஆண்டாக அறிவித்தபோது அரசே 'நம் வழியில் ஆங்கிலம் பேசுவோம்' என்றது. பிள்ளையின் உச்சரிப்பைப் பார்த்து நகைப்பதற்கு யாருக்கும் உரிமையில்லை என்பதை அந்த முயற்சி துணிந்து சொன்னது. அது இலங்கைக்கு மிக வேண்டியிருந்தது.

மற்றப் பக்கமும் வலுவானது. அந்த ஆண்டுகளின் முயற்சியில் இலங்கை ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போன ஹைதராபாத் நிறுவனத்தில்தான், அதன் முந்தைய வடிவில், ஆர். கே. பன்சால் பணியாற்றினார். இந்தியரின் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு விளங்குகிறது என்று அவர் ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட நூல், விளங்காமைக்குப் பெரிய காரணங்களில் ஒன்றாகத் தவறிய சொல்லழுத்தத்தைக் காட்டியது. ஜோன் ஃபீல்ட் 2005இல் நடத்திய சோதனையிலும் அழுத்தம் இடம்மாறினால், குறிப்பாக வலப்பக்கம் தள்ளிப்போனால், கேட்பவர் சொல்லை இழந்துவிடுகிறார் என்று தெரிந்தது. கேட்டவர்களில் ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களும் இருந்தார்கள்.

இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது என் முடிவு இது: அழுத்தம் நம் பிள்ளைகளுக்கு முதலில் காதுக்கு வேண்டும், பிறகுதான் நாக்குக்கு. வளைகுடா வேலைக்கோ கனடாப் படிப்புக்கோ போகிறவருக்கு, தான் சொல்வது எப்படியிருந்தாலும் மற்றவர் சொல்வது விளங்கியாக வேண்டும். 'சேட்டிபிக்கட்' என்று கேட்டே பழகியவருக்கு விமான நிலைய மேசையில் 'ச–ˈடி–ஃபி–கட்' என்று விரைந்து வரும் சொல் அதே சொல்தான் என்று பிடிபடுவதில்லை. தாளில் கண்டால் உடனே தெரியும். எழுத்தில் ஐந்நூறு சொல் அறிந்த பிள்ளைக்குக் காதில் அவற்றில் பாதிதான் கிடைக்கிறது என்றால், அதன் படிப்பில் பாதி வீணாகிறது.

பரீட்சை இதற்கு உதவவில்லை. மூன்றாம் தரத்திலிருந்து ஆங்கிலம் பாடமாக இருந்தும், க.பொ.த. சாதாரண தர ஆங்கிலம் நெடுங்காலமாக எழுத்துப் பரீட்சையாகவே இருந்துவந்திருக்கிறது. கேட்டலுக்கும் பேசுதலுக்கும் புள்ளி இல்லாத இடத்தில் ஆசிரியர் அதற்கு நேரம் ஒதுக்குவது அவரது நல்ல மனதைப் பொறுத்தது. கல்குடா கல்வி வலயத்தின் ஒதுக்குப்புறப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் இருப்பதே பெரிய காரியம். அவர் மற்றப் பாடங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருப்பார். ஆகவே புதிய பாடநூலோ ஒலிக்கூடமோ கேட்பதில் பயனில்லை. இருப்பதைக் கொண்டு செய்யக்கூடியது ஒன்று உண்டு. புதிய சொல்லைக் கரும்பலகையில் எழுதும்போதே அழுத்தம் விழும் அசைக்கு அடியில் கோடு போடுவது, மங்கும் உயிர்களின் மேல் ஒரு புள்ளி வைப்பது. அதற்கு ஒரு வெண்கட்டி போதும். கைத்தொலைபேசியில் உள்ள இலவச அகராதிகள் சொல்லை ஒலித்தும் காட்டுகின்றன. ஆசிரியர் ஒரு முறை கேட்டுவிட்டு வகுப்புக்குப் போனால் சந்தேகமும் தீரும். எட்டாம், ஒன்பதாம் தரங்களில் 'ஷன்', 'இட்டி', 'இக்', 'மன்ட்' என்ற நாலு ஈறுகளை ஒரு தவணைக்கு எடுத்து, பிள்ளைகள் வீதிப் பலகைகளிலும் படிவங்களிலும் கண்ட சொற்களையே கொண்டுவரச் சொல்லிக் கோடு போடவைக்கலாம். ரிஹபிலிடேஷனும் டிவெலப்மன்டும் அந்தக் கொப்பியில் முதல் பக்கத்திலேயே வரும்.